மரத்தடிக்கு ஒரு போர்வை



மேல்நாட்டு நூல்களில் இலையுதிர்காலத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்நாட்டு மரங்கள் பழுத்த இலைகளை உதிர்க்கின்றன. தோட்டக்காரர் அவற்றைத் திரட்டி, வரவிருக்கும் கடுங்குளிரிலிருந்து வேரைக் காப்பதற்காக மரத்தடியில் பரப்புகின்றனர். அதே மாதங்களை நம் முன்னோர் கூதிர்காலம் என்றனர். காவிரிப் படுகையில் அப்பொழுது இலை உதிர்வதில்லை, மழை பொழிகிறது. உறைபனிக்கு அஞ்ச வேண்டாத நம் மரங்களுக்குப் போர்வை எதற்கு?

விடை மேட்டூரில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டு முதல் அவ்வணையே தஞ்சை வாய்க்கால்களுக்கு நீரை அளந்து கொடுத்து வருகிறது. போதிய நீருள்ள ஆண்டுகளில் ஜூன் 12ஆம் நாள் திறந்து, ஜனவரி 28ஆம் நாள் அடைப்பது மரபு. அடைத்த பின் ஆற்றில் மணல் தெரியத் தொடங்கும். சம்பா நெல்லுக்கு அதனால் குறைவில்லை. அது களம் சேரும் காலம். மரம் எங்கே போகும்? வைகாசி வரையில் அது நின்ற இடத்திலேயே நின்று கோடையைக் கடக்க வேண்டும். கூதிர்காலத்தில் மண் குடித்த நீரே அதற்கு வழிக்கட்டிய சோறு. அச்சோற்றை வெயில் தின்றுவிடாதபடி மூடி வைப்பதே மூடாக்கு.

விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவதைக் கண்டிருப்பீர்கள். மண்ணிலுள்ள நுண்துளைகளின் வழியே நீரும் அவ்வாறே மேலேறுகிறது. மேற்பரப்பை எட்டியதும் வெயிலும் காற்றும் அதனை ஆவியாக்கிக் கொண்டுபோகின்றன. வைக்கோலோ சருகோ மூடியிருந்தால் மண் சூடேறுவதில்லை; காற்றும் நேரே படுவதில்லை. ஆகவே ஈரம் நெடுநாள் தங்குகிறது. மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்காமற்போவதும், ஒளியின்றிக் களை முளையாமற்போவதும் வேறு நன்மைகள். அடியிலிருக்கும் சருகை மண்புழுவும் நுண்ணுயிர்களும் சிறிது சிறிதாக மக்கச் செய்து, மரத்திற்கு உணவாக்குகின்றன.

இனி, இதன் அருமையைத் தென்னையிடம் காண்போம். தென்னைக்கு ஆணிவேர் இல்லை; அதன் சல்லிவேர்களில் பெரும்பாலானவை அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தொலைவிற்குள்ளேயே பரவியிருக்கின்றன. ஆதலின் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தி அமைத்து, அதில் 100 உரிமட்டைகளைக் குவிந்த புறம் மேலே இருக்குமாறு அடுக்கும்படி வேளாண்மை வல்லுநர் கூறுகின்றனர். நார்க்கழிவானால் 10 செண்டிமீட்டர் உயரம் பரப்பலாம். காய்ந்த ஓலைகளையும் இடலாம். உரிமட்டை தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மக்கும்பொழுது சாம்பல்சத்தும் தரும்.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் தென்னைக்குப் பேர்பெற்றவை. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், படுகையெங்கும் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டது. நெட்டை வகைக் கன்று நட்டால் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அவற்றுள் முதலிரண்டு கோடைகளே கண்டம். அப்பொழுது கன்று பட்டுப்போனால், உழவர் இழப்பது கன்றின் விலையை மட்டுமன்று. காத்திருந்த ஆண்டுகளையும் இழக்கிறார். கன்றினடியில் இட்ட இரண்டு கட்டு வைக்கோல் காப்பது அந்த ஆண்டுகளைத்தான்.

இதற்கும் முறையுண்டு. களிமண் நிலத்தில் மழை வலுத்து நீர் தேங்கும்பொழுது தடிப்பாக மூடினால் வேர் மூச்சுத்திணறும். அடைமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும் கார்த்திகைக் கடைசியும் மார்கழியும் ஏற்ற காலம். மண் காய்ந்தபின் மூடுவது வெறும் பானைக்கு மூடியிடுவதாகும். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுதல் வேண்டும். இல்லையேல் பட்டை அழுகும், கரையானும் ஏறும். பச்சை வைக்கோலை மண்ணோடு கலத்தல் கூடாது. கலந்தால் அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ள, பயிர் வெளிறிப்போகும். மேலே கிடக்கும் வரையில் அத்தீங்கு மிகக் குறைவு. மக்கிய குப்பையில் காண்டாமிருக வண்டின் புழு வளருமாதலால், அவ்வப்பொழுது கிளறிப் பார்த்து அகற்றுதலும் தேவை.

தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938இல் பிறந்து, இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், மூடாக்கின் பயனை உழவர்களுக்கு ஓயாது எடுத்துரைத்தார். காடு இதனை எவரும் சொல்லாமலே செய்துவருகிறது. காட்டு மரத்தினடியைப் பெருக்குபவர் எவருமில்லை. நாமோ வாசல் தூய்மைக்காகக் கூட்டிய சருகை மூலையில் குவித்துத் தீயிடுகிறோம். ஒரு நாழிகையில் புகையாவது சித்திரை மாதத்து ஈரமாகும்.

மாணவர்களே, தை மாதத்தில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பள்ளித் தோட்டத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பாத்திகளுக்கு ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சருகால் மூடுங்கள். மற்றதைத் திறந்தே விடுங்கள். பத்து நாள் சென்றபின் இரண்டிலும் ஒரு விரல் ஆழத்து மண்ணை எடுத்துக் கையிற் பிடித்துப் பாருங்கள். எது உருண்டையாகிறது, எது உதிர்ந்துபோகிறது என்பதை உங்கள் கையே சொல்லும். அதன்பின் சருகுக் குவியலுக்கு அருகே தீப்பெட்டியோடு செல்பவரிடம் நீங்களே பேசலாம்.