வீதிச் சந்தியிற் பலிபீடம்

கோயிற் கதவு மூடப்பட்டபின் பங்கு என்பது எங்கே இருக்கின்றது? 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில், உயிர்த்த ஞாயிற்றுப் பூசையை வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிற் கண்ட கத்தோலிக்கர் பலர் இவ்வாறு எண்ணியிருப்பர். இவ்வினா பழையது.

1576ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரைக் கொள்ளைநோய் பீடித்தது. அங்கே அதிமேற்றிராணியாராய் விளங்கியவர் அர்ச்சியசிட்ட சார்லஸ் பொரோமேயு. அவர் கழுத்திற் கயிறிட்டு, வெறுங்காலுடன், சிலுவை தாங்கிப் பவனி சென்றார். கூட்டங் கூடினால் நோய் பரவுமென்று நகர அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளுவதற்கில்லை. பின்னர், மக்கள் வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்ற கட்டளை பிறந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. வீதிச் சந்திகளிற் பலிபீடங்கள் எழுந்தன. குருவானவர் அங்கே பூசை நிறைவேற்ற, மக்கள் தத்தம் சாளரங்களில் நின்று அதனைக் கண்டனர். இரவும் பகலுமாக ஏழு முறை மணி ஒலித்தது; ஒரு வீட்டார் செபத்தைத் தொடங்க, எதிர்வீட்டார் மறுமொழி கூறினர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமார் சிறு ஆசனமொன்றைத் தாமே சுமந்து சென்று, வீட்டு வாசலின் வெளிப்புறத்தே அமர்ந்தனர். கதவுக்கு அப்பால் நின்று குற்றத்தைச் சொல்வது எளிதோ கடினமோ, சொன்னவரே அறிவர்.

நமது காலத்துத் தொலைக்காட்சி குருவை அண்மையிற் காட்டிற்று; அயலாரின் குரலையோ அது கேட்பிக்கவில்லை. மிலானிற் சாளரத்தின் வழியே கேட்டது அக்குரலே.

நோய் தணிந்தபின் அச்சந்திகளிற் சிலுவை தாங்கிய தூண்கள் நிறுவப்பட்டன. அயல்வீட்டார் மாலைதோறும் அவற்றினடியிற் கூடிச் செபித்து வந்தனர்.