வேண்டாம் என்ற குரலும் வீழ்ந்த சந்தையும்

எமது பொருளியல் வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நேர்ந்த நிதி நெருக்கடியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். "மக்கள் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய பிரதிநிதிகளும் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அப்படியிருக்க நாலு நாளில் அந்த மசோதா எப்படி நிறைவேறியது, சேர்?" என்று அவன் கேட்டான். பாடநூலிலே இரண்டு வரியில் அடங்கிவிடும் செய்திதான். எனினும் மணி அடிக்கும்வரை பேசியும் நாம் அவனுக்கு முழு விடை கூறி முடிக்கவில்லை.

நெருக்கடியின் தோற்றத்தை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவிலே வீடு வாங்குவதற்குக் கடன் கொடுத்த வங்கிகள், அக்கடனைத் தம் பேரேட்டிலே வைத்திருந்து அறவிடும் பழைய வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தன. ஆயிரக்கணக்கான கடன்களை ஒரே கட்டாகக் கட்டி, அதனைப் பத்திரங்களாகப் பிரித்து உலகெங்கும் விற்றன. கடன் வாங்கியவன் திருப்பிக் கட்டுவானா மாட்டானா என்ற கவலை, கொடுத்தவனுக்கு இல்லாமற் போயிற்று. ஆகவே வருமானம் போதாதவர்க்கும் கடன் தாராளமாகக் கிடைத்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரையில் குறை வெளியே தெரியவில்லை. விலை இறங்கத் தொடங்கியதும், எந்தப் பத்திரத்தில் எவ்வளவு நட்டம் ஒளிந்திருக்கிறது என்பதை எவராலும் அறிய முடியவில்லை. வங்கியை வங்கி நம்ப மறுத்தது.

2008 செப்டெம்பர் 15ஆந் திகதி, 158 ஆண்டுக்கால வரலாறுடைய லீமன் பிரதர்ஸ் என்னும் நிறுவனம் வங்குறோத்தடைந்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. என்ற மாபெருங் காப்புறுதிக் கம்பனியைக் காப்பாற்ற மத்திய வங்கி 8,500 கோடி டொலர் கடன் வழங்க நேர்ந்தது. அம்மாதம் 25ஆந் திகதி, 30,700 கோடி டொலர் சொத்துடைய வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி முறிந்தது. அந்நாட்டின் வரலாற்றிலே அதனிலும் பெரிய வங்கி முறிவு அதற்கு முன்னர் நிகழ்ந்ததில்லை.

இந்நிலையிலேதான் திறைசேரிச் செயலாளர் ஹென்றி போல்சன் ஒரு திட்டத்தைக் காங்கிரஸ் மன்றத்தின் முன் வைத்தார். வங்கிகளிடம் தேங்கிக் கிடக்கும் கெட்ட பத்திரங்களை அரசாங்கம் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு 70,000 கோடி டொலர் வேண்டும் என்பது அதன் சாரம். கைக்குழந்தையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அமெரிக்கர் ஒவ்வொருவர் தலையிலும் ஏறத்தாழ 2,300 டொலர் விழும். இத்துணைப் பெருந்தொகையைக் கேட்ட பத்திரமோ மூன்றே பக்கம்! செயலாளரின் தீர்மானங்களை எந்த நீதிமன்றமும் மீளாய்வு செய்யலாகாது என்ற வாசகமும் அதில் இருந்தது. போதாக்குறைக்கு, கேட்டவர் 2006 வரை கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெரிய முதலீட்டு வங்கியின் தலைவராயிருந்தவர். ஊர் வீட்டு நெய்யே என்று அள்ளி ஊற்றப் புறப்பட்டுவிட்டார் என மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை.

அந்த ஐயம் விரைவிலே ஆத்திரமாயிற்று. அங்கத்தவர்களின் காரியாலயங்களில் தொலைபேசி ஓயாது ஒலித்தது. வந்த அழைப்புகளிலும் மின்னஞ்சல்களிலும் மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பாகவே இருந்தன. பிரதிநிதிகள் சபையின் இணையத்தளம் சுமை தாங்காது தடுமாறிற்று. நியூயோர்க்கில் வோல் ஸ்ட்ரீற் அருகே மக்கள் கூடி முழக்கமிட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட பொருளியற் பேராசிரியர்கள், திட்டம் நியாயமற்றது, தெளிவற்றது, நெடுங்காலத் தீங்கு விளைப்பது என்று கடிதம் எழுதினர். ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் 24ஆந் திகதி இரவு தொலைக்காட்சியிலே தோன்றி வேண்டுகோள் விடுத்தும் எதிர்ப்பு அடங்கவில்லை.

இவ்விடத்திலே சொல்லின் வலிமை பற்றி ஒரு வார்த்தை கூறாமல் மேலே செல்ல எமக்கு மனமில்லை. ஆங்கிலத்தில் இத்திட்டத்துக்கு மக்கள் வழங்கிய பெயர் 'பெயில் அவுட்' என்பது. தோணியிலே புகுந்த நீரை இறைத்து ஊற்றுவதையும் அச்சொல் குறிக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவனைப் பிணையில் எடுப்பதையும் நினைவூட்டும். அரசாங்கமோ இப்பெயரை விரும்பாது 'மீட்பு' என்றே சொல்லி வந்தது. அந்நாள்களில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளைப் பாருங்கள். நிதிச் சந்தையைப் பாதுகாக்க அரசாங்கம் பணத்தை முதலீடு செய்வது சரியா என்று ஒரு நிறுவனம் கேட்டபோது 57 சதவீதத்தினர் சரி என்றனர். வரி செலுத்துவோர் பணத்தைக் கொண்டு தனியார் கம்பனிகளைக் கைதூக்கிவிடுவது அரசாங்கத்தின் பொறுப்பா என்ற வகையில் இன்னொரு கணிப்புக் கேட்டபோது 55 சதவீதத்தினர் அன்று என்றனர். மக்கள் ஒருவரே, திட்டமும் ஒன்றே.

செப்டெம்பர் 29, திங்கட்கிழமை. மூன்று பக்கமாக வந்தது பேச்சுவார்த்தைகளின் பின் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களாகப் பருத்து, பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. இரு கட்சித் தலைவர்களும் ஆதரித்தனர். ஜனாதிபதித் தேர்தலில் எதிரெதிரே நின்ற ஒபாமாவும் மக்கேனும் ஆதரித்தனர். ஆனால் நவெம்பரிலே தேர்தல். சபையின் 435 ஆசனங்களும் அன்று மக்கள் முன் செல்லவிருந்தன. போட்டி கடுமையாயிருந்த தொகுதிகளின் அங்கத்தவர்கள் பெரும்பாலும் எதிர்த்தே வாக்களித்தனர். பதினைந்து நிமிடத்தில் முடியவேண்டிய வாக்கெடுப்பை நாற்பது நிமிடம்வரை நீட்டியும் பயனில்லை. ஆதரவு 205, எதிர்ப்பு 228. ஜனாதிபதியின் சொந்தக் கட்சியினரிலேயே 133 பேர் எதிர்த்தனர். சபாநாயகர் நான்சி பெலோசி அம்மையாரின் உரை தம் மனத்தைப் புண்படுத்தியதாலேயே சிலர் மாறிவிட்டனர் என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் காரணம் கூறினர். புண்பட்ட மனத்துக்காக நாட்டையே தண்டிப்பதா என்று பார்னி பிராங்க் என்ற அங்கத்தவர் அவர்களைப் பரிகசித்தார்.

வாக்குகள் ஏறுவதைத் தொலைக்காட்சியிலே பார்த்துக்கொண்டிருந்த பங்குத் தரகர்கள், முடிவு அறிவிக்கப்படும்வரை காத்திருக்கவில்லை. அன்று மாலை டௌ ஜோன்ஸ் சுட்டெண் 777 புள்ளிகள் வீழ்ந்து நின்றது. அதுவரை ஒரே நாளில் அத்தனை புள்ளிகள் வீழ்ந்ததில்லை. ஏறத்தாழ 1,20,000 கோடி டொலர் பெறுமதி ஒரே நாளிற் கரைந்தது. மறுக்கப்பட்ட உதவித் தொகையைவிட இது அதிகம். பெருங்கம்பனிகள் ஐந்நூறைக் கொண்ட சுட்டெண்ணிலே ஒன்றேயொன்றின் பங்கு மட்டும் விலை ஏறியது. அது தகரத்திலடைத்த சூப் விற்கும் காம்பெல் கம்பனி! கஷ்டகாலம் வந்தால் மக்கள் எதை வாங்குவார்கள் என்பதைச் சந்தை அறிந்துதான் வைத்திருந்தது.

வோல் ஸ்ட்ரீற்றுக்கு விழுந்த அடி என்று மகிழ்ந்தவர்களும் இருந்தனர். ஆனால் அமெரிக்கக் குடும்பங்களில் அரைவாசியளவினரின் சேமிப்பு, ஓய்வுகால நிதி என்ற பெயரிலும் பிறவாறும், பங்குகளிலேயே இருந்தது. முதுமைக்கென்று சேர்த்ததன் ஒரு பகுதி ஒரு பிற்பகலில் மறைந்ததைக் கண்டவர்கள் திடுக்கிட்டனர். அங்கத்தவர்களின் காரியாலயங்களுக்கு இப்போது வேறு குரலிலும் அழைப்புகள் வரலாயின. ஏதாவது செய்யுங்கள் என்றன அவை. முன்னர் வேண்டாம் என்று சொன்னவர்கள் அறிவீனர் என்று சிலர் அன்று எழுதினர். நாம் அதற்கு உடன்படோம். தவறு செய்தவன் நட்டத்தை ஏற்கட்டும் என்பது எந்த ஊர்ச் சந்தையிலும் செல்லுபடியாகும் நியாயம். அந்த நியாயத்தைத் தாமே அனுபவிக்கும் வேதனையின்றி நிலைநாட்ட முடியாதபடி, தவறு செய்தவனின் பெட்டகத்துக்குள்ளேயே எல்லோருடைய சேமிப்பும் வைத்துப் பூட்டப்பட்டிருந்ததுதான் கொடுமை.

ஒக்டோபர் 1ஆந் திகதி செனற் சபை, திருத்திய மசோதாவை 74க்கு 25 என்ற வாக்குகளால் ஏற்றது. வைப்புப் பணத்துக்கான காப்புறுதி ஒரு லட்சம் டொலரிலிருந்து இரண்டரை லட்சமாக உயர்த்தப்பட்டது நல்ல திருத்தம். வேறு சிலவும் வண்டியோடு வண்டியாகப் பூட்டப்பட்டன. சிறுவர் விளையாடும் மர அம்புகளுக்கு வரிவிலக்கு என்பது அவற்றுள் ஒன்று! வங்கிகளைக் காக்கும் சட்டத்துக்கும் அம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு எமது வகுப்பு நெடுநேரம் சிரித்தது. 3ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 263க்கு 171 என நிறைவேற்ற, அன்றே ஜனாதிபதி ஒப்பமிட்டார். முந்திய வாக்கெடுப்பிலும் 58 வாக்குகள் கூடுதலாகக் கிடைத்தன.

பத்து நாள் கழிந்தபோது திட்டமே உருமாறியது. கெட்ட பத்திரங்களை வாங்குவதை விடுத்து, திறைசேரி வங்கிகளின் பங்குகளையே வாங்க முன்வந்தது. ஒன்பது பெரிய வங்கிகளுக்கு முதலில் 12,500 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. வங்கிகளுக்கென மொத்தமாக இட்ட 24,500 கோடிக்கு ஈடாகப் பின்னாளில் ஏறத்தாழ 27,500 கோடி திரும்பி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பணம் பாழாய்ப் போய்விடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் அவ்வகையில் மெய்ப்படவில்லை.

ஆனால் 2009 மார்ச்சிலே, அரசாங்கப் பணத்தால் உயிர் பிழைத்த ஏ.ஐ.ஜி. கம்பனி, நட்டத்துக்குக் காரணமான பிரிவின் ஊழியர்களுக்கே 16.5 கோடி டொலர் போனஸ் வழங்கிற்று. பழைய ஆத்திரம் மீண்டும் மூண்டது. அத்தகைய போனஸ்களுக்கு 90 சதவீத வரி விதிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 328க்கு 93 என நிறைவேற்றியது. செனற் சபையில் அது சட்டமாகாமலே கிடந்து போயிற்று.

இவ்வளவையும் கேட்டபின், "சேர், அந்தக் கடனை வாங்கி வீடு கட்டின சனங்களுக்கு என்ன நடந்தது?" என்று அம்மாணவன் மீண்டும் எழுந்தான். முப்பது நாற்பது லட்சம் குடும்பங்களின் கடன் தவணைகளைக் குறைத்து உதவுவதாக 2009இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கே நிலையான உதவி கிட்டியது. ஏனையோரின் விண்ணப்பங்கள் அதே வங்கிகளின் மேசைகளிலே காத்துக் கிடந்தன. எத்தனையோ வீடுகளின் கதவுகளில் ஏல அறிவித்தல் ஒட்டப்பட்டது.