எந்தப் புற ஊதா விளக்கு?

சென்ற கோடை விடுமுறையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு குழல் விளக்கு. வீட்டிலுள்ள தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கழற்றியதாம். "சார், இது புற ஊதாக் கதிர் விளக்குதானே? இதை வைத்து நீல அச்சு எடுக்கலாமா?" என்று கேட்டான்.

நீல அச்சு முறையை 1842-இல் கண்டுபிடித்தவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகிய இரண்டின் கரைசல்களையும் கலந்து, மங்கலான வெளிச்சத்தில் காகிதத்தில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடித் தகட்டால் அழுத்திப் புற ஊதாக் கதிரில் காட்டினால், ஃபெர்ரிக் இரும்பு ஃபெர்ரஸ் இரும்பாக மாறும். அது ஃபெர்ரிசயனைடுடன் சேர்ந்து கரும் நீல நிறமியைத் தரும். பிறகு தண்ணீரில் அலசினால், இலை மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அப்படியானால் எந்தப் புற ஊதாக் கதிரானாலும் சரிதானா? இல்லை. ஒரு பொருள் உட்கவரும் ஒளிதான் அதில் வேதிமாற்றம் செய்யும். இது குரோத்தஸ், டிரேப்பர் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி. நீல அச்சுக் கலவைக்கு ஏற்றது 300 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி.

மாணவன் கொண்டு வந்ததோ குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. அதன் புற ஊதா ஒளியில் பெரும்பகுதி 254 நானோமீட்டரில் வருகிறது. 1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 254-க்கு ஏறத்தாழ 4.9, 365-க்கு 3.4. கிருமிகளின் மரபுப் பொருளையே சிதைக்கும் இந்த 254, சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அதனால்தான் இவ்விளக்கின் குழலைக் குவார்ட்ஸ் அல்லது அதற்கென்று தயாரித்த தனிக் கண்ணாடியால் செய்கிறார்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இலையின்மேல் வைத்த கண்ணாடித் தகடு அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காகிதம் அநேகமாக அப்படியே இருக்கும். பையன் என்ன செய்வான்? கண்ணாடியை எடுத்துவிட்டு, "நிறம் மாறுகிறதா?" என்று குனிந்து பார்ப்பான். அங்கேதான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் மங்கிய நீல ஒளி அந்த விளக்கின் சிறு பகுதிதான். நான் முதுகலை படித்தபோது, குவார்ட்ஸ் பாதரச விளக்கு ஒன்றின் நிறமாலையைப் பத்து நிமிடம் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரிச்சல். இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தேன். வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள், இந்த வேதனையை அவர்கள் நன்கு அறிவார்கள்.

பின் எந்த விளக்கை எடுப்பது? முதலில் சூரியன். 290 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட கதிர்களை வானிலுள்ள ஓசோன் தடுத்துவிட, நமக்கு வேண்டியது வந்து சேர்கிறது. உச்சி வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் பெரும்பாலும் போதும். மழைக்காலமானால் 365 நானோமீட்டர் என்று குறிப்பிட்ட எல்.இ.டி. விளக்கு. 395 என்று விற்பதும் வேலை செய்யும், ஆனால் நேரம் பிடிக்கும். இவற்றையும் நேராகப் பார்க்காதீர்கள். கண் கூசாது என்பதே இவற்றின் சூது. புற ஊதாவைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி அவசியம். 254 தேவைப்படும் சோதனைகள், மூடிய பெட்டியும் குவார்ட்ஸ் குப்பியும் உள்ள கல்லூரி ஆய்வகத்துக்கு உரியவை.

மறுநாள் மாணவனும் நானும் மொட்டைமாடியில் ஒரு முருங்கைக் கொத்தை வைத்து அச்செடுத்தோம். மஞ்சள் கலந்த பச்சை, சாம்பல் நீலமாக மாறியது. அலசியதும் ஒவ்வோர் இலையும் தனித்தனியே வெள்ளையாகத் தெரிந்தது. விளக்கை மறுபடி பத்திரமாகச் சுற்றிக் கொடுத்தேன். அவன் வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்களாம்!