கொழுந்தும் கணக்கும் – 9: தராசில் ஏறாத தரம்

தை பிறந்தால் ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் காற்று மாறிவிடும். பகலில் சுள்ளென்று வெயில், இரவில் பனி. தேயிலைச் செடி மெல்லத்தான் துளிர்விடும். அப்படி மெல்ல வளரும் கொழுந்தில்தான் வாசம் கூடும். ஜனவரி முதல் மார்ச் வரையான இந்த மாதங்கள்தான் திம்புள்ளைத் தேயிலையின் தரப் பருவம். கொழும்பு ஏலத்தில் அதற்கு மவுசு அதிகம். மலையில் நிற்கும் பெண்ணுக்கோ, எவ்வளவு எடுத்தாலும் கூடை நிரம்பாத காலம் அது.

சென்ற வாரம் ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், நடக்கும் தரச் சோதனைகளையும் ஐ.எஸ்.ஓ. 22000 சான்றிதழையும் பார்த்தோம். அந்தச் சோதனைகளுக்கெல்லாம் முந்தைய சோதனை மலையிலேயே முடிந்துவிடுகிறது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை முடிவு செய்வது பெண்ணின் விரல்கள். முத்தல் இலையைக் கொட்டினால், எந்த டீமேக்கராலும் அதை நல்ல தேயிலை ஆக்க முடியாது. கூடையில் அமுக்கித் திணித்தாலும் கொழுந்து சூடேறி, நசுங்கி, ஸ்டோருக்குப் போகும் முன்பே சிவந்துவிடும்.

இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஆனால் தராசு கேட்பது கிலோவை. தோட்டம் வைத்த கிலோவை எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். தரப் பருவத்திலும் அந்த அளவு குறையாவிட்டால் அவள் என்ன செய்வாள்? முத்தலையும் சேர்த்துத்தான் பறிப்பாள். பிழை அவள் கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

1950இல் ஜப்பானியத் தொழில் நிர்வாகிகளுக்குத் தரக் கட்டுப்பாடு கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், பின்னாளில் நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகளை வகுத்தார். தொழிலாளிக்கு எண்ணிக்கை இலக்கு வைப்பதை ஒழியுங்கள் என்பது அவற்றில் ஒன்று. வேலையிடத்தில் அச்சத்தை விரட்டுங்கள் என்பது இன்னொன்று. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இவ்விரண்டுக்கும் விளக்கம் தேவைப்படாது.

கூலிக் கணக்கிலும் பெண் பின்னால்தான் நின்றாள். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டது. கூலி சமமானது 1984இல்தான், அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. வேலை நேரம் இன்னும் சமமாகவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண் பல தோட்டங்களில் மதியத்தோடு வீடு திரும்புகிறான். கொழுந்தெடுப்பவள் அந்தி நிறுவை முடித்து, லயத்துக்குப் போய் அடுப்பு மூட்டுகிறாள்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. பெயர்ப்பலகைகள் மாறின, சான்றிதழ்கள் வந்தன. தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற ஏணியில் பெண்ணின் இடம் மட்டும் பெரும்பாலும் அடிப்படியிலேயே நின்றது. இப்போது சில தோட்டங்களில் பெண் கங்காணிகள் இருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் எந்த மலையை எந்த நாளில் எடுப்பது என்ற முடிவில் அவர்கள் சொல்லுக்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறு காட்டியது. போனஸ் குறைந்ததற்காகத் தமிழ்த் தொழிலாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் அமர்ந்தார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகே விடவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நம் மலைநாட்டில் அதுவரை காத்திருக்க வேண்டாம். தரப் பருவத்தில் கிலோ அளவைக் குறையுங்கள். நல்ல கொழுந்துக்குத் தனிக் காசு கொடுங்கள். மலைகளில் கழிப்பறை கட்டுங்கள். தரம் பற்றிய கூட்டம் நடக்கும் அறையில், கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு நாற்காலி போடுங்கள். தோட்ட நிர்வாகங்களிடம் மட்டுமல்ல, தொழிற்சங்கங்களிடமும் இதைக் கேட்கிறேன்.