லயத்தின் தூரக் கோடி ஏன் பெரிதாகத் தெரிகிறது?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் எதிர்மலையில் நின்று, நீளவாக்கில் விலகிப் போகும் ஒரு லயத்தை ஸூம் லென்ஸில் எடுத்த படம் இருந்தால் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். லயத்தின் தூரக் கோடி கிட்டத்துக் கோடியைவிட உயரமாக இருப்பதுபோலத் தோன்றும். அடிமட்டத்தை வைத்து அளந்தால் அப்படி இல்லை. தூரத்து அறைதான் சற்றுச் சிறியது.

விலகிப் போகும் எதுவும் தண்டவாளம்போலக் குறுக வேண்டும் என்பது மூளையின் பழக்கம். 60 மீற்றர் நீளமான லயத்துக்கு 10 மீற்றர் முன்னால் நின்றால் மறுகோடி 70 மீற்றரில் இருக்கும். அங்குள்ள கதவு ஏழில் ஒரு பங்காகத் தெரியும். அதே லயத்தை 600 மீற்றர் தள்ளி நின்று பார்த்தால் கணக்கு 600க்கு 660. சுருக்கம் 10 வீதம்கூட இல்லை. 'தூரத்திலும் இவ்வளவு என்றால் உண்மையில் இன்னும் பெரிது' என்று மூளை தானே கூட்டிக்கொள்கிறது. பலர் பழியை லென்ஸில் போடுகிறார்கள். லென்ஸ் காட்சியை வெட்டிப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். மாற்றத்தைச் செய்வது நாம் நிற்கும் இடம்.

சினிமா இதை நன்றாகவே பயன்படுத்தும். 1967இல் வந்த 'தி கிராஜுவேட்' படத்தில் நாயகன் கமராவை நோக்கி எவ்வளவு ஓடியும் நெருங்காததுபோலத் தெரிவது இதனால்தான்.

வேண்டுமென்றே தூரத்தை விரித்தவர்களும் உண்டு. பைசாந்தியத் திருவுருவ ஓவியங்களில் மேசையின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட அகலம். அது தெரியாமல் வரைந்ததல்ல, வேறொரு பார்வைமுறை என்று ரஷ்யக் குருவானவர் பாவெல் ஃப்ளோரென்ஸ்கி 1919இல் எழுதினார். உண்மையாகவே தூரத்தைப் பெரிதாக்கும் லென்ஸும் இருக்கிறது. தொழிற்சாலைகளில் போத்தலின் மேற்பக்கத்தையும் சுற்றுப்புறத்தையும் ஒரே படத்தில் சோதிக்க அது உதவும். ஆனால் அதன் முன்கண்ணாடி படமெடுக்கும் பொருளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். லயத்துக்கு எங்கே போவது?

படத்தைச் சாட்சியாக வைத்து வாதாட வேண்டிவந்த சமூகம் நாம். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. லயத்துக்கும் பின்னாலுள்ள சரிவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது மலையகத்தில் உயிர்க் கேள்வி. எதிர்மலைப் படத்தில் அந்த இடைவெளியே இருக்காது. கிட்ட நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் அதே மலை எங்கோ ஒதுங்கி நிற்கும். ஆபத்தைக் கூட்டிக் காட்டுகிறவருக்கும் மறைக்கிறவருக்கும் பொய்ப்படம் தேவையில்லை.

நான் இரண்டு படங்களையும் எடுக்கிறேன். பின்சுவரிலிருந்து சரிவின் அடிவரை நடந்து, எத்தனை எட்டு என்று படக்குறிப்பில் எழுதுகிறேன்.