போக்குவரத்துக் கழகத்தில் 'அப்ரண்டிஸ்': ஓராண்டு முடிந்ததும் வேலை கிடைக்குமா?

பி.இ. முடித்தவர் பஸ் டெப்போவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்ததும் அக்கம்பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "கவர்ன்மென்ட் வேலை கிடைச்சிடுச்சா?" என்பதுதான். இல்லை, இது ஓராண்டுப் பயிற்சி. ஆனால் வெறும் சர்டிபிகேட்டோடு முடிகிற விஷயமும் இல்லை.

யார் சேரலாம்?

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம், கடலூர் முதல் திருவள்ளூர் வரை வட மாவட்டங்களில் பஸ்களை இயக்குகிறது. இதற்கான அப்ரண்டிஸ் அறிவிப்பை சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் வெளியிடுகிறது. பி.இ., டிப்ளமோ முடித்தவர்கள் 'நாட்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்து விண்ணப்பிக்கலாம். தேர்வு மதிப்பெண் அடிப்படையில்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியோ வேலை அனுபவமோ இருந்தால் விண்ணப்பிக்க முடியாது. அதாவது, இந்த சான்ஸ் ஒருமுறைதான்.

கையில் எவ்வளவு வரும்?

2019 விதியில் மாதக் குறைந்தபட்ச உதவித்தொகை பி.இ. பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது. தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய தொழில் பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. எனவே, சேரும்போது ஒப்பந்தத்தில் எந்தத் தொகை இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

எந்த ஊரில் இடம் கிடைக்கிறது என்பதும் முக்கியம். திண்டிவனத்துக்காரருக்கு விழுப்புரம் கிடைத்தால், சுமார் 40 கி.மீ. தினமும் போய் வந்துவிடலாம். வேலூரோ திருவள்ளூரோ கிடைத்தால், ரூம் வாடகையும் மெஸ் பில்லும் உதவித்தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

தொழிலாளியா, மாணவரா?

1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. தொழிலாளர் சட்டங்களும் பொதுவாகப் பொருந்தாது.

அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமில்லை. பயிற்சியின்போது விபத்து நடந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். தொழில் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்ல முடியாது. பிரேக், கிளட்ச், இன்ஜின் என்று கற்றுக்கொள்ள வந்தவரை ஆண்டு முழுக்க ரெஜிஸ்டர் எழுத மட்டும் உட்கார வைத்தால், அது பயிற்சியே அல்ல.

முடிந்த பிறகு?

சட்டத்தின் 22-வது பிரிவின்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. 2014 திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது.

இதில் முக்கியமான தீர்ப்பு 1995-ல் வந்தது. அதுவும் ஒரு போக்குவரத்துக் கழக வழக்குதான். உத்தரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் தொடர்ந்த வழக்கில், பயிற்சி முடித்தாலே வேலை உறுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவரைவிட அப்ரண்டிஸ் முடித்தவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றது. வயது வரம்புச் சலுகை பற்றியும் பேசியது.

இந்த 'சமமாக இருந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்துத் தேர்வு வைத்தால் அதில் ஜெயித்தாக வேண்டும். ஆட்களே எடுக்காத ஆண்டுகளில் முன்னுரிமையால் பயனில்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* எந்த ஊர், எந்தப் பிரிவு?
* ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா? ஒரு நகல் கையில் இருக்கிறதா?
* உதவித்தொகை எந்தத் தேதியில் வரும்?
* பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனத்தின் கொள்கை என்ன?

வாரியம் தரும் சான்றிதழ் ஓராண்டுப் பயிற்சிக்கு அத்தாட்சி. அடுத்த இன்டர்வியூவில் "அந்த ஒரு வருஷத்துல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை டெப்போவில் இருக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும்.