நம் வீட்டு நாய்க்கும் நாலு வகை!

காலை வேளையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? மத்தியும் நெத்திலியும் கூடை கூடையாக வந்து இறங்கும். அங்கே மீன் வாங்கிக்கொண்டு ராயபுரத்துக்கோ, திருவொற்றியூருக்கோ திரும்பும் அம்மாளின் கணக்கில் சில சமயம் இன்னொரு வாயும் சேர்ந்திருக்கும். வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கிறதே, அந்த வாய்!

"எங்கள் நாய்க்கு என்ன குறைச்சல்? நாங்கள் சாப்பிடுவதைத்தானே அதுவும் சாப்பிடுகிறது!" என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சங்கடமே அங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே!

செல்லக் குட்டி ஒன்றுக்குத் தினமும் சோறும் கறியும் மட்டுமே போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கறியில் பாஸ்பரஸ் ஏராளம். கால்ஷியமோ மிகச் சொற்பம். ஆகாரத்தில் கிடைக்காத கால்ஷியத்தை உடம்பு எங்கே தேடும்? எலும்பிலிருந்து கடன் வாங்கும். கடன் ஏற ஏற எலும்பு மெலியும், கால்கள் வளையும், லேசாகக் குதித்தாலும் முறிவு ஏற்படலாம். பட்டினியால் வந்த வினை அல்ல இது, பாசத்தால் வந்தது!

"வெயிலில் படுக்கிறதே, வைட்டமின் டி கிடைக்காதா?" என்று கேட்பீர்கள். நம் தோல் செய்யும் அந்த வேலையை நாயின் தோல் போதிய அளவு செய்வதில்லை. மீனும் முட்டை மஞ்சள் கருவுமே அதற்குக் கை கொடுக்க வேண்டும்.

பத்துக் கிலோ எடையுள்ள, வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு ஒரு நாளைய சமையல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: குழைய வடித்த சோறு 200 கிராம், வேகவைத்து முள் நீக்கிய மீன் அல்லது எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராம், வெந்த பூசணி, காரட், பீன்ஸ் ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்து அதில் அரை டீஸ்பூன் சேருங்கள். கால்ஷியத்துக்கு அது போதும். இதை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். உப்பு, காரம், புளி எதுவும் வேண்டாம்.

மீனைப் பச்சையாகப் போடாதீர்கள். சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு; வேகவைத்தால் அது அடங்கிவிடும்.

கூடாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்துச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகையால் மீன் குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம். டீக்கடைப் பொறை எப்போதாவது ஒரு கடி என்றால் பாதகமில்லை; அதுவே சாப்பாடாகி விடக் கூடாது.

இவ்வளவு செய்தால் எல்லாம் சரியாகி விட்டதா? இல்லை! அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையைச் சேர்ந்தவர்கள், வீட்டில் சமைப்பதற்கான 200 நாய் உணவுக் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் சுமார் 95 சதவிகிதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்ததாம்! துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஈ போன்றவை கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துவிடும். நான் மேலே சொன்ன குறிப்பும் அதற்கு விலக்கல்ல.

எனவே, இந்தக் குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். ராயபுரத்துக்கு வேப்பேரி ஒன்றும் அதிக தூரமில்லை. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. நாயின் எடைக்குத் தக்கபடி என்ன மருந்துப் பொடி, எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவர் சொல்வார். குட்டிகளுக்கும், சினையாக இருக்கும் நாய்களுக்கும், நோயாளி நாய்களுக்கும் நாமாக அளவு வகுக்கக் கூடாது. குட்டிக்குக் கால்ஷியம் குறைந்தாலும் கெடுதல், மிஞ்சினாலும் கெடுதல். புதுச் சாப்பாட்டையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

தட்டில் என்ன விழுந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிடும் ஜீவன் அது. "இது எனக்கு ஒத்துக்கொள்ளாது, அம்மா!" என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அதற்காக யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான், இல்லையா?